மூன்று சக்கர லாரி

பிப்ரவரி 3

தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது, கண்ணுக்கு மருந்து விடுகிறாயா என்பதையெல்லாம் கடைசியில் கேட்கிறேன். முதலில் நலம் விசாரித்துவிட்டால் கோபம் நீர்த்துப்போகும். எனக்கு இப்போது கோபம் வேண்டும்.

உன் அத்தான் போனதிலிருந்து நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும். தெருவில் பேர் தெரியாதவர்கள்கூட வந்து நின்றார்கள். இடுப்பில் வைத்து நான் வளர்த்த தம்பி, எல்லாம் முடிந்து வீடு கழுவிய பிறகு வந்து, "லீவு கிடைக்கல அக்கா" என்றான். அதை இப்போது கிளறவில்லை. அது அதன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

இது வேறு. போன வாரம் அத்தானோடு படையில் இருந்தவர்களின் சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சண்டையின்போது ஆற்றுப் பாலத்தில் நடந்ததற்கு மே மாதம் சங்க வாசலில் ஒரு கல் வைக்கப் போகிறார்களாம். நான் வரவேண்டுமாம். "கல்லில் என்ன வெட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். மென்று விழுங்கினார். "நெட்ல இருக்கிறதுதாம்மா" என்றார். டீயை முழுதாகக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

பேத்தியைக் கூப்பிட்டுப் போனில் தேடச் சொன்னேன். நெட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாமாமே, அந்தக் கலைக்களஞ்சியத்தில் அத்தானுக்கு மேலதிகாரியாக இருந்த மேஜருக்கு ஒரு பக்கம் இருக்கிறது. பிறந்தது, படித்தது, பதக்கம் வாங்கியது, போன வருஷம் செத்தது எல்லாம் இருக்கிறது. நடுவில் இது:

"பாலத்தின் நடுவே லாரி ஓட்டுநர் வண்டியை விட்டு ஓடிவிட, மேஜர் தாமே ஸ்டியரிங்கைப் பிடித்து, மூன்று சக்கரத்தில் ஓடிய அந்த லாரியில் காயம்பட்டவர்களை அக்கரை சேர்த்தார்."

பேத்தி படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அந்த டிரைவர் தாத்தாவா பாட்டி?" என்று கேட்டாள். அந்தப் பாலத்தில் வேறு எந்த டிரைவர் இருந்தான்?

"இதை எழுதிய கை யாருடையது, பார்" என்றேன். யார் என்ன எழுதினார்கள் என்று காட்ட ஒரு இடம் இருக்கிறதாமே. முதல் பெயராக 'பழைய குமாஸ்தா' என்று வந்தது. ஒரு புது வருஷ வாழ்த்தில் நீயே பெருமையாக எழுதியிருந்தாய், அந்தப் பெயரில்தான் படைக்காரர்களைப் பற்றி எழுதுகிறேன் என்று. நான் பதில்தான் போடவில்லை, படிக்காமல் இருக்கவில்லை.

அந்த வரியை எடு. எடுத்துவிட்டு, உன் அத்தான் சொன்னதை அங்கே போடு.

கண்ணுக்கு மருந்து விடு.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே திட்டுதான் இருக்கும் என்று தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது.

நீ கேட்பதை என்னால் செய்ய முடியாது. ஏன் என்று பொறுமையாகக் கேள்.

ராணுவப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டதற்குக் காரணமே பொய்தான். ஒவ்வொரு அதிகாரி வீட்டிலும் ஒரு பிள்ளையோ பேரனோ உட்கார்ந்துகொண்டு, எங்கள் தாத்தா தனியாக ஒரு மலையைப் பிடித்தார் என்று எழுதுகிறார்கள். நாங்கள் சிலபேர் அதையெல்லாம் வடிகட்டுகிறோம். இரண்டே கேள்விதான். ஒன்று, இவருக்குத் தனிப் பக்கம் தகுமா? பதக்கம் வாங்கியதெல்லாம் போதாது. இவருக்குச் சம்பந்தம் இல்லாத வெளியாட்கள் இவரைப் பற்றி விரிவாக எழுதி அச்சிட்டிருக்க வேண்டும். இரண்டு, எழுதிய ஒவ்வொன்றுக்கும் நம்பக்கூடிய சான்று இருக்கிறதா? அவரே எழுதியது, மனைவி சொன்னது, மச்சான் கேட்டது எதுவும் சான்று ஆகாது. என் மேலதிகாரியின் பக்கத்தையே தகுதி போதாதென்று எடுக்கச் சொன்னவன் நான். அவர் பெண் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

அந்த வரியை நான்தான் எழுதினேன். முதலில் சான்று இல்லாமல், நமக்குத் தெரிந்த சங்கதிதானே என்று எழுதினேன். அத்தான் நம் வீட்டில் சொன்னதாகத்தான் நினைவு. அத்தான் வேறு யாரோ ஒரு டிரைவரைச் சொன்னார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன், சத்தியமாக. ஒரு பையன் வந்து அதன்மேல் 'சான்று தேவை' என்று குறி போட்டுவிட்டான். வருஷக்கணக்கில் அது ஆறாத புண் மாதிரி அங்கேயே இருந்தது. போன வருஷம் மேஜர் காலமானபோது பெரிய பத்திரிகையிலேயே அரைப்பக்கத்துக்கு அஞ்சலி வந்தது. அதில் பாலம், டிரைவர், லாரி எல்லாம் அப்படியே இருந்தது. அதைச் சான்றாக வைத்தேன். குறி போயிற்று. இன்று அது முறையான வரி.

நீ சொல்வதைப் போட்டால், நாளைக்கு எல்லா அக்காக்களும் வருவார்கள். கோபித்துக்கொள்ளாதே.

மருந்து விடுகிறேன்.

உன் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

கடிதத்தை நானே இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்றாம் தரம் பேத்தியைப் படிக்கவிட்டேன், நான் தப்பாகப் படித்திருப்பேனோ என்று. இல்லை.

நீ எழுதினாய். பிறகு பத்திரிகைக்காரர் எழுதினார். அவர் எழுதியதால் நீ எழுதியது சரி என்கிறாய். அவர் எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டாயா? ஒரே ஆள் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து இரண்டாவது சாட்சி சொல்கிற மாதிரி இருக்கிறதடா இது.

முதல் நாள் 'ஓடிவிட' என்கிற சொல்லே என் காதை அடைத்துவிட்டது. மற்றது உள்ளே போகவில்லை. உன் கடிதம் வந்த பிறகு அந்தப் பத்திரிகையைத் தேடிப் படிக்கச் சொன்னேன். அதிலும் மூன்று சக்கரம். அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

உனக்கு ஒன்பது வயது. அத்தான் சண்டை முடிந்து லீவில் வந்திருந்தார். பிஸ்கட் டப்பாவை வெட்டி உனக்கு ஒரு லாரி செய்து கொடுத்தார். மூடியில் நாலு வட்டம் வெட்டி, ஆணி அடித்து, சக்கரம் வைத்தார். தகரம் கீறி அவர் கட்டைவிரலில் ரத்தம் வந்ததற்கு நான்தான் துணி கட்டினேன். மூன்றாம் நாளே ஒரு சக்கரத்தைச் சாக்கடையில் தொலைத்துவிட்டு வந்தாய். "அடுத்த லீவுல போட்டுத் தர்றேன்டா மாப்ள" என்றார். நீ நிறுத்தினாயா? கட்டிலைக் கவிழ்த்துப் பாலம் ஆக்கி, மூன்று சக்கரத்திலேயே ஓட்டினாய். "டிரைவர் ஓடிட்டான்! மேஜர் வர்றார்! மூணு சக்கரத்துல வர்றார்!" தெரு முழுக்கக் கேட்கும். உன் அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஏன் என்று நீ கேட்கவில்லை. சின்னப் பிள்ளையை என்ன சொல்வது என்று நானும் விட்டேன்.

அவர் எனக்குச் சொன்னது இது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருவன் விழுந்து கிடந்து கத்தினான். இவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். ஓடினார்தான், பின்பக்கமாக. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால் லாரி இல்லை. மேஜர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவர் நடந்தே பாலத்தைக் கடந்தார். அக்கரையில் இறக்கிப் பார்த்தபோது தோளில் இருந்தவன் செத்திருந்தான். மேஜர் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்காகத்தான் அந்த மனுஷன் பெயரை இந்த வீட்டில் நான் எடுக்கவிட்டதில்லை.

அத்தான் போன மறு வருஷம்தான் நீ இதை எழுதியிருக்கிறாய். கேட்க ஆள் இருந்தபோது கேட்கவில்லை.

கல் வேலை மும்முரமாக நடக்கிறதாம். காகிதத்தில் இருந்தால் கிழிக்கலாம்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

அறுபது வருஷத்துக்கு முந்தைய தகரப் பொம்மையை வைத்து, அரைப்பக்க அஞ்சலியைப் பொய் என்கிறாய். லாரிக்கு டயர் வெடித்தால் மூன்று சக்கரம்தானே ஓடும்? அது தற்செயலாக இருக்கக்கூடாதா?

இன்னொன்றும் சொல்கிறேன். நீ சாட்சி இல்லை, வாதி. மேஜர்மேல் உனக்குத் தீராத வன்மம். என்மேலும் அப்படித்தான். நாலு மணி நேரம் தாமதமாக வந்ததற்குப் பதினோரு வருஷம் தண்டனை கொடுத்தவள் நீ. உன் ஞாபகம் கூர்மைதான். ஆனால் எப்போதும் ஒரே பக்கம்தான் வெட்டுகிறது.

இதற்குமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

உன் தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நான் என்றைக்கு நீ சொல்லிக் கேட்டேன்?

வாதி என்றாய். இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே சமைத்தேன். பிறகு யோசித்தேன். சரிதான். நான் வாதிதான். அவர் என்னிடம் ஒருவிதமாகச் சொல்லியிருக்கலாம், நான் அதை இத்தனை வருஷம் மனசில் துடைத்துத் துடைத்து வைத்ததில் அது கூடுதலாகப் பளபளத்திருக்கலாம். மேஜர் முகத்தைத் திருப்பினாரா, இல்லை, வேறு ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாரா, நான் பார்த்தேனா?

அதனால் உன் அத்தான் சொன்னதைப் போடச் சொல்ல மாட்டேன். உன் சட்டம் உன் அக்காவுக்கும் சேர்த்துத்தான் என்றால், சரி, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தம்பிக்கும் சேர்த்துத்தானே?

ஒரே ஒரு வேலை செய். அந்தப் பத்திரிகைக்காரருக்குப் போன் போடு. மூன்று சக்கரத்தில் ஓடிய லாரி அவருக்கு எங்கே கிடைத்தது என்று கேள். வேறு யாராவது சொன்னார்கள், எங்காவது அச்சில் இருந்தது என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். கல்லில் என்ன வெட்டினாலும் போய்ப் பூ வைத்துவிட்டு வருகிறேன்.

உனக்குச் சான்றாகாத ஒன்று சொல்லி முடிக்கிறேன். படையிலிருந்து வந்து அவர் பஸ் ஓட்டினார். பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டினார். எந்த வண்டியையும் பின்னால் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்காமல் எடுத்ததே இல்லை. ஸ்கூட்டரில் நான் ஒருத்திதான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். என்னையும் கேட்பார். "யாரு ஏறணும், உங்க ஆத்தாவா?" என்று நான் கத்துவேன். கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

நாள் கடத்தியதற்குக் கோபிக்காதே. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

பத்திரிகைக்காரரிடம் பேசினேன். நல்ல மனிதர், வயது குறைவு. "அன்னிக்கு அவசரம் சார், பேப்பரை அச்சுக்கு அனுப்புற நேரத்துல செய்தி வந்துச்சு. உங்க பக்கத்துலேருந்துதான் எடுத்தேன். அருமையா எழுதியிருந்தீங்க, அந்த மூணு சக்கரம்தான் சார் உயிரே" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நன்றி சொன்னேன் அக்கா.

மேஜர் தன் கதையைத் தானே எழுதிச் சொந்தச் செலவில் அச்சிட்ட புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. தானே எழுதியது சான்றாகாது என்று பிரிக்காமலே அலமாரியில் போட்டிருந்தேன். இப்போதுதான் பிரித்தேன். பாலத்தைப் பற்றி இரண்டே வரி: "ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. நான் ஏறி வண்டியை எடுத்தேன்." ஓடினான் என்று அவர் சொல்லவில்லை. சக்கரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. உன் பகையாளி உன் வீட்டுக்காரரை ஒரு சொல் சொல்லவில்லை அக்கா. சொன்னது நான்தான்.

டிரைவரை ஏன் ஓடவிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். வன்மம் ஒன்றும் இல்லை. விளையாட்டில் நான் மேஜர். ஸ்டியரிங்கில் நான் உட்கார வேண்டுமென்றால் டிரைவர் போயாக வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

அந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் விவாதிக்கிற பேச்சு மேடையில், எல்லோரும் பார்க்க, இப்படி எழுதினேன்: "இந்த வரிக்குச் சான்று பத்திரிகை. பத்திரிகைக்குச் சான்று இந்தப் பக்கம். இந்தப் பக்கத்துக்குச் சான்று நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. லாரி தகரத்தில் செய்தது."

முதலில் ஒருவன் சிரிப்புப் படம் போட்டான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. வரியை எடுத்தாயிற்று. அஞ்சலியும் சான்றில்லை என்று ஆனபின் மேஜருக்கு மிஞ்சியது சொந்தப் புத்தகமும் பதக்கப் பட்டியலில் ஒரு பெயரும்தான். தனிப் பக்கத்துக்கு அது போதாது. எடுத்துவிடலாமென்று முதல் ஆளாகச் சொன்னதும் நானே. எடுத்துவிட்டார்கள். நான் எழுதிய மற்ற பக்கங்கள் எல்லாவற்றின் தலையிலும் இப்போது 'சரிபார்க்கப்பட வேண்டும்' என்று ஒரு பட்டை தொங்குகிறது. சரிபார்க்கிற பொறுப்பையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். வாங்கியது நியாயம். நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். காலையில் எழுந்து பழக்கதோஷத்தில் கணினி முன் போய் உட்காருகிறேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

பத்திரிகையில் திருத்தம் போடுகிறார்கள். அதன் நகலோடு சங்கத்துக்கு நேரில் போய்ச் சொன்னேன். கல்லில் அந்த வரி வராது. அத்தான் பெயரும் வராது. அதற்கு என்னிடம் சான்று இல்லை.

அந்த நாலு மணி நேரம். லீவு கிடைத்திருந்தது அக்கா. ஒரு கோப்பை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று ஆபீசில் உட்கார்ந்தேன். யாரோ ஒரு அதிகாரியின் பணிக்குறிப்பு. யார் என்று இப்போது ஞாபகம்கூட இல்லை.

உன் தம்பி


மே 17

தம்பிக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை. போட்டிருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய்.

கல் திறப்புக்குப் போய் வந்தேன். பேத்திதான் கார் ஓட்டினாள். சங்க வாசலில் சிமெண்ட் மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பளபளவென்று கறுப்புக் கல். கூட்டம் கலைந்தபின் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். "ஆற்றைக் கடந்தவர்கள், கடக்க முடியாதவர்கள் நினைவாக." வேறு ஒரு பெயரும் இல்லை. மேஜரும் இல்லை, இவரும் இல்லை, தோளில் செத்தவனும் இல்லை. முதலில் சப்பென்று இருந்தது. பிறகு அது மூன்று பேருக்கும் பொதுவாகத்தானே இருக்கிறது என்று பட்டது.

அங்கே ஒரு அம்மாள் கைத்தடியோடு நின்றாள். மேஜருடைய பெண். யாரோ என்னைக் காட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் வந்தாள். அப்படியே அவர் மூக்கு. "அப்பாவோட பக்கத்தை எடுத்துட்டாங்கம்மா. என் பேரப்பிள்ளைங்க கேக்குறாங்க. அப்பா அந்த வண்டிய ஓட்டினதே பொய்யா?" என்று கேட்டாள்.

தம்பி, அறுபது வருஷமாக அந்த வீட்டு ஆள் ஒருத்தர் என் முன்னால் வந்து நிற்கமாட்டாரா என்று காத்திருந்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் வாயில் தயாராக இருந்தது. உப்புப் போடாமலே ஊறி இருந்தது.

"பொய் இல்லம்மா. ஓட்டினார். உள்ளே இருந்தவங்க எல்லாரும் பிழைச்சாங்க. வண்டியில நாலு சக்கரமும் இருந்துச்சு" என்றேன்.

அவ்வளவுதான். மற்றதை அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் பிடிக்கவிட்டேன். மேஜரை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. 'ஓடினான்' என்று அவர் சொல்லாத ஒரு சொல்லுக்காக வைத்திருந்த பங்கை மட்டும் கழித்துவிட்டேன். முகத்தைத் திருப்பியது இன்னும் இருக்கிறது. கொஞ்சம் மங்கலாக இருக்கிறது.

உன் கணக்கு வேறு. லீவு கிடைத்தும் வரவில்லை என்று இப்போது நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். இத்தனை நாள் சந்தேகமாக வைத்திருந்தேன், இனி உறுதியாக வைத்துக்கொள்வேன். அதற்கான திட்டைக் காகிதத்தில் எழுத முடியாது. நேரில் வந்து வாங்கிக்கொள். உன் கண்மருந்தையும் எடுத்துக்கொண்டு வா. யாரும் இல்லாத வீட்டில் கணினிக்கு எதிரே உட்கார்ந்து என்னத்தைப் பார்க்கிறாய்?

திரும்பி வரும்போது ஒன்று நடந்தது. காரில் நாங்கள் இரண்டே பேர். பேத்தி சாவியைத் திருப்புவதற்கு முன்னால் பின்பக்கம் திரும்பி, "எல்லாரும் ஏறியாச்சா?" என்றாள். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. தாத்தாவின் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள், கேட்டுக் கேட்டு வந்திருக்கும்.

எனக்கு வழக்கம்போல, "யாரு ஏறணும்?" என்று கத்தத்தான் வாய் வந்தது. பின்சீட்டைப் பார்த்தேன். "இன்னும் ஒருத்தன் வரணும், இரு" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா